பன்னிரண்டாவது ஆளின் வலது கால்

ஒரு பொருளை ஒருவர் உற்றுப் பார்த்தாலே அது கெட்டுப்போகும் என்றால் எங்கள் ஊரில் அதற்குக் கண்ணேறு என்று பெயர். நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அதற்கு அளவீடு என்று பெயர். முன்னதற்கு உப்பும் மிளகாய் வற்றலும் சுற்றி அடுப்பில் போட்டால் தீர்ந்தது. (கத்தோலிக்கர் வீட்டிலுமா என்று கேட்காதீர்கள். செபமாலையும் சொல்வோம், மிளகாயும் சுற்றுவோம்.) பின்னதற்கு மருந்து தேடித்தான் நான் கடல் கடந்து போய், ஒரு குளிர் நகரத்தில், தலைமுடி பாதி கொட்டும்வரை படித்தேன்.

என்ன படித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த மடத்தனத்தின் முழு ஆழமும் உங்களுக்கு விளங்காது.

ஒளி துகள் துகளாக வருகிறது. அந்தத் துகளுக்கு ஃபோட்டான் என்று பெயர். ஒரே ஒரு ஃபோட்டான் வந்ததா இல்லையா என்று அறிய வேண்டுமானால் வழக்கமான கருவிகள் அதை விழுங்கித்தான் ஆக வேண்டும். நம் கண்ணும் அதைத்தான் செய்கிறது. தீக்குச்சி நமுத்துவிட்டதா என்று உரசிப் பார்க்கிறோம் அல்லவா, பார்த்து முடித்ததும் குச்சி போச்சு, அந்த மாதிரி. நான் தேடியது நுண்ணலை ஃபோட்டான், அதாவது மைக்ரோவேவ். கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகளின் பலத்தில் லட்சத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். அப்படி ஒரு நோஞ்சான். சுற்றியுள்ள பொருட்களின் வெதுவெதுப்பே அதை மூழ்கடித்துவிடும் என்பதால் விண்வெளியைவிடக் குளிரான ஒரு பெட்டிக்குள் வைத்துத்தான் தேட வேண்டும். அந்த நோஞ்சானை விழுங்காமல், உடைக்காமல், வந்த வழியே அனுப்பிவிட்டு, அது வந்தது உண்மைதான் என்று மட்டும் தெரிந்துகொள்வது எப்படி என்பதற்குத்தான் எனக்கு முனைவர் பட்டம் கொடுத்தார்கள்.

அது செய்யக்கூடியதுதான். ஒரு சின்ன உலோக அறைக்குள் ஒரு செயற்கை அணுவை வைப்போம். அணு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மின்சாரம் தடையில்லாமல் ஓடும் ஒரு குட்டிச் சுற்று. அந்த அணுவை முதலில் எந்த முடிவும் எடுக்கவிடாமல், இதுவா அதுவா என்று இரண்டு மனதாக நிறுத்தி வைக்க வேண்டும். ஃபோட்டான் வந்து அறையில் முட்டித் திரும்பிப் போகும். அதற்கு உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அது வந்துபோன அடையாளமாக அணு அரைவட்டம் திரும்பி நிற்கும். பிறகு அணுவைக் கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். (திரும்பி நிற்பது அணுதான், ஃபோட்டான் அல்ல என்பதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.)

ஊரில் இதை அம்மா ஒரே வரியில் முடித்துவைத்திருந்தாள். "எனக்க மவன் மைக்ரோவேவுல டாக்டராக்கும்." அதன் பலனாக, லீவுக்கு வரும்போதெல்லாம் தூரத்து அத்தை ஒருத்தி சூடாகாத மைக்ரோவேவ் அடுப்பு ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்புவாள். அதை நான் இன்றுவரை சரிசெய்து கொடுத்ததில்லை.

அந்த வருடம் ஈஸ்டருக்கு லீவு கிடைத்து இராஜாக்கமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். வந்த மறுநாளே அம்மா போனில் ஒரு படத்தைக் காட்டினாள். ஏதோ கல்யாண வீட்டுக் கூட்டம். அம்மாவின் விரல் சுட்டிய இடத்தில் ஒரு பாதி முகம் இருந்தது. மீதிப் பாதியை ஒரு ஐஸ்கிரீம் கப் மறைத்திருந்தது.

"பேரு ஷைனி. நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கா. அவளுக்க அப்பா மரியதாசன், மீன் புடிக்க சொந்த போட்டு உள்ள ஆளாக்கும். கோயில்ல எல்லாத்துக்கும் முன்ன நிக்கிய பிள்ள. ஈஸ்டர் கழிஞ்சி திங்கக்கிழம போய்ப் பாத்துட்டு வருவோம் மக்கா."

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போவதில்லை. அதனால்தான் திங்கட்கிழமை. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேனே தவிர, மனது ஆடவில்லை. காரணம் என் அக்கா பிரிஜிட்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அக்காவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். அலமாரியில் பூட்டிவைத்த நல்ல கப்புகள் அன்றைக்குத்தான் வெளியே வரும். அவள் தட்டோடு வந்து நிற்பாள், அவர்கள் பார்ப்பார்கள், முறுக்கு தின்பார்கள், "பெறகு சொல்லி விடுதோம்" என்று எழுந்து போவார்கள். பிறகு சொல்லி விடமாட்டார்கள். அவர்கள் போனபின் அக்கா தனியாக நின்று அந்தக் கப்புகளைக் கழுவுவாள். ஏற்கெனவே கழுவி வைத்ததை எடுத்து மறுபடியும் கழுவுவாள். எனக்கு அந்தச் சத்தம் இன்றைக்கும் பிடிக்காது. பிறகு அவளுக்கு நல்ல இடத்தில் கல்யாணமாகி, அத்தான் இப்போது குவைத்தில் இருக்கிறார், மகள் ஆன்சி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், எல்லாம் சரிதான். ஆனால் இன்னொரு வீட்டுப் பெண் என் பொருட்டு அந்தக் கப்புகளைக் கழுவக் கூடாது என்று நான் எப்போதோ தீர்மானித்திருந்தேன்.

நல்ல தீர்மானம்தான். அதை நிறைவேற்றுவதற்கு நான் போட்ட திட்டத்தில்தான் என் மூளையின் தரம் வெளிப்பட்டது.

ஈஸ்டருக்குத் தங்கியிருக்க வந்த அக்கா பெரிய வியாழன், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய வியாழன் காலையில் அடுக்களையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, இன்னைக்கு சாயங்காலம் ஷைனிக்க ஊருக் கோயிலுக்குப் பூசைக்குப் போறேன். அந்தப் பிள்ளைய தூரத்துல நின்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துடுதேன். புடிக்கலன்னா திங்கக்கிழம போவவே வேண்டாம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு காயமும் இல்ல."

"புடிச்சிதுன்னா?"

"முறையா போவோம்."

"ஏலே, அவளுக்கு ஒன்னப் புடிக்கலன்னா?"

ஃபோட்டானுக்கு அணுவைப் பிடித்திருக்கிறதா என்று நான் படித்த எந்த ஆய்வுக் கட்டுரையிலும் யாரும் கேட்டதில்லை. நான் பதிலுக்கு என் ஆராய்ச்சி முழுவதையும் அவளுக்கு விளக்கினேன். அவள் ஒரு சட்டி நெத்திலியையும் ஆய்ந்து முடித்துவிட்டு, "ஒளிஞ்சி நின்னு பாக்கதுக்கு இவ்வளவு படிக்கணுமா?" என்றாள்.

"அம்மாட்ட சொல்லிராத."

"நான் என்னத்துக்குச் சொல்லியேன்." (இந்தப் பதிலை உலகத்தில் எந்தத் தம்பியும் நம்பக் கூடாது.)

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். விழித்தபோது என் வலது காலின் ஐந்து விரல் நகங்களும் அடர்ந்த ரோஸ் நிறத்தில், வெள்ளி மினுக்கத்தோடு பளபளத்தன. தவக்காலத்துக்கு நகப்பூச்சு போடுவதில்லை என்று அக்கா ஒறுத்தல் எடுத்திருந்தாள். சும்மா கிடந்த பாட்டிலை ஆன்சி வீணாக்க விரும்பவில்லை. இடது காலுக்கு வருவதற்குள் பாட்டில் தீர்ந்துவிட்டது என்பதில் அவளுக்கு வருத்தம். நகப்பூச்சை அழிக்கும் திரவமும் தீர்ந்திருந்தது. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். பளபளப்பு கூடியதுதான் மிச்சம். ஷூவும் சாக்ஸும் போட்டுக்கொண்டால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அத்தானின் பைக்கை எடுத்துக் கிளம்பினேன்.

மண்டைக்காடு தாண்டி மேற்கே போனால் வரும் கடற்கரை ஊர்களில் ஒன்று அது. பெயரைச் சொல்லமாட்டேன். அந்த ஊர்ப் பங்கில், அதாவது கோயில் சபையில், எனக்கு மிச்சமிருக்கும் மரியாதை கொஞ்சம்தான்.

கோயில் படிக்கட்டில் முதல் அடி விழுந்தது. எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போகிறார்கள். நான் பல வருடம் குளிர் நாட்டில் பூட்ஸோடு பூசை கண்டவன், மறந்தே போயிருந்தேன். ஷூவைக் கழற்றினேன். சாக்ஸைக் கழற்ற முடியாது. அந்தச் சித்திரை வெக்கையில், மீன்பிடி ஊர்க் கோயில் ஒன்றில், கறுப்பு சாக்ஸோடு நின்ற ஒரே ஆண்மகன் நான்தான். போதாததற்குப் புதிதாய்ப் போட்ட தரை வேறு வழுக்கியது.

பார்ப்பதற்கு வாகான இடம் தேடினேன். எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற பெண் பாடகர் குழுவில்தான் இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். அந்தக் குழு பீடத்துக்குப் பக்கவாட்டில், பெண்கள் பகுதியை ஒட்டி இருந்தது. ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தால் நேராகத் தெரியும். பெஞ்சும் காலியாக இருந்தது. எங்கள் கடற்கரையில் ஆண்கள் பூசை காண்பது கோயிலுக்கு வெளியே மரத்தடியில் நின்றுதான் என்பதால் முதல் பெஞ்சு காலியாக இருப்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எல்லாரும் அப்போதுதான் குளித்த மாதிரி இருந்தார்கள். எல்லாருடைய கால்களும் தேய்த்துக் கழுவிச் சிவந்திருந்தன. அதைக் கவனித்தேனே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மக்கா, ஸ்ராங்குக்க பதிலா வந்த ஆளா நீ?"

ஸ்ராங்கு என்றால் போட்டு, அதாவது விசைப்படகு, ஓட்டுகிறவர். யாரோ ஒரு ஸ்ராங்கு, எதற்கோ வரவில்லை. இல்லை என்று சொன்னால் அடுத்து நீ யார், எந்த ஊர், யாருக்க மகன் என்று கேள்வி வரும். எங்கள் ஊர்ப் பக்கம் மூன்றாவது கேள்வியில் ஆளின் தாத்தா வரைக்கும் வெளியே வந்துவிடும். கண்ணில் படாமல் பார்த்துவிட்டுப் போக வந்தவன் என்ன செய்வான்? தலையை ஆட்டினேன்.

அவர் திருப்தியாக முன்னால் திரும்பிக்கொண்டார். உடனே உபதேசியார் வந்து தலைகளை எண்ணினார். கோயில் காரியங்களை ஓடியாடிப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். பன்னிரண்டு சரியாக இருந்ததில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எல்லார் தோளிலும் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டே வந்து என் தோளிலும் ஒன்றைப் போட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரிய வியாழன் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரைச் சீடர்களாக உட்கார வைத்துப் பாதம் கழுவுவார் என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் பங்கில் அதற்குப் பீடத்தின் முன்னால் நாற்காலி போடுவார்கள். இங்கே முதல் பெஞ்சு.

"அண்ணாச்சி," என்றேன் மெதுவாக, "நான் எழும்பிப் போவட்டா?"

"இப்பமா? பன்னெண்டு பேரு வேணும் இல்லியா. நீ இருக்கது கடைசி எடம். யூதாசுக்க எடம்னு சொல்லி ஒருத்தனும் இருக்க மாட்டான். ஸ்ராங்குதான் வருசா வருசம் நானே இருக்கேன்னு வந்து இருப்பான். இன்னைக்கு இஞ்சின் கேடாகி கடல்ல கெடக்கான். ஒன்ன ஆண்டவரு அனுப்பியிருக்காரு."

ஆண்டவர் என்னை எதற்கு அனுப்பினார் என்று எனக்கும் விளங்க ஆரம்பித்தது. மணி அடித்தது, பூசை தொடங்கிவிட்டது.

இனி தப்பிக்க முடியாது. வந்த வேலையையாவது பார்ப்போம் என்று பாடகர் குழுவைக் கவனித்தேன். பச்சைச் சேலை, மூக்குக்கண்ணாடி, ஐஸ்கிரீம் கப்பின் பின்னால் இருந்திருக்கக்கூடிய முகவாய். அவள்தான் என்று முடிவுகட்டினேன். நன்றாகப் பாடினாள். பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளைக்குப் பாட்டுப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திருப்பிக் கொடுத்தாள். இரக்கமுள்ள பெண் என்று மனதுக்குள் பதிவு செய்துகொண்டேன். மைக்கில் வேறொரு பெண் நின்று, இப்போது எழுந்து நிற்போம், இப்போது முழந்தாளிடுவோம் என்று பூசையின் ஒவ்வொரு கட்டத்தையும் அறிவித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

பிரசங்கம் முடிந்தது. மைக்கில் அந்தக் குரல், "இப்போது நம் பங்குத்தந்தை பன்னிரு சீடர்களின் பாதங்களைக் கழுவுகிறார்" என்றது.

சாமியார் வயதானவர். ஒவ்வொருவர் முன்னாலும் முழந்தாளிட்டு, வலது காலில் தண்ணீர் ஊற்றி, துடைத்து, முத்தமிட்டு நகர்ந்தார். வலது கால். இடதாக இருக்கக் கூடாதா என்று நான் செபித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பக்தியோடு நான் அதற்கு முன்னால் செபித்ததில்லை. அவருக்கு முன்னால் ஒரு ஆள் பின்பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருந்தான். கையில் கேமரா. புனித வாரப் பூசைகளை வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் பார்ப்பதற்காக யூடியூபில் நேரலையாகப் போடுகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சாமியார் என் முன்னால் முழந்தாளிட்டார். சாக்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பொறுமையாகக் காத்திருந்தார். கோயில் முழுவதும் காத்திருந்தது. நான் குனிந்து வலது சாக்ஸைக் கழற்றினேன்.

விளக்கு வெளிச்சத்தில் ஐந்து விரல்களும் மின்னின. கேமராக்காரன் கடமை தவறாதவன், இரண்டு அடி முன்னால் வந்தான். பாடகர் குழுவில் பாட்டு ஒரு வரியில் இடறி, ஹார்மோனியம் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

சாமியார் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "எந்த அன்பியம் மக்கா?" என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி. பங்கை அவர்கள் பிரித்திருக்கும் குடும்பக் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். குழுவுக்கு ஒருவராகத்தான் அந்தப் பன்னிரண்டு பேரையும் எடுத்திருந்தார்கள்.

"நான் லீவுக்கு வந்தவன் ஃபாதர்."

"எல்லாருமே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் ஊற்றினார்.

இங்கே ஒரு உடற்கூற்று உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு உள்ளங்காலில் கூச்சம் அதிகம். தண்ணீரைத் தாங்கிக்கொண்டேன். துண்டு பட்டதும் என் கால் என்னைக் கேட்காமல் உதறியது. வெண்கலச் சட்டி கவிழ்ந்து உருண்டு, சாமியாரின் வெள்ளை அங்கி மார்பு வரை நனைந்து, மீதித் தண்ணீர் புதுத் தரையில் ஓடிப் பெண்கள் பக்கம் முதல் வரிசையை எழுப்பிவிட்டது. சட்டி பீடத்தின் படியில் மோதி நின்ற சத்தம் மைக் வழியாக ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். பதினோரு சீடர்களும் என்னைப் பார்த்த பார்வையில், யூதாசுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. சாமியார் நனைந்த அங்கியோடு குனிந்து, என் நகங்களுக்குச் சற்று மேலே முத்தமிட்டுவிட்டு எழுந்து போனார். அந்த மனிதரை நான் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பூசை முடிந்து சீடர்களுக்கு ஆளுக்கொரு ரொட்டியும் ஒரு புதுத் துவர்த்தும் கொடுத்தார்கள். (துவர்த்து என்றால் எங்கள் ஊரில் குளித்துத் துவட்டும் துண்டு.) இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு, சாக்ஸைப் பையில் திணித்துக்கொண்டு, கூட்டத்துக்கு முன்னால் வெளியே ஓடினேன். ஷூ இருந்த இடத்தில் ஷூ இல்லை.

"நாய் கடிச்சிரும்னு நான் எடுத்து வெச்சேன்."

குரல் எனக்குத் தெரிந்த குரல். இப்போது எழுந்து நிற்போம் என்று சொன்ன அதே குரல். மைக்கில் நின்ற பெண் என் ஷூ இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் ஷைனி" என்றாள்.

நான் திரும்பிப் பச்சைச் சேலையைத் தேடினேன். அவள் படிக்கட்டில் ஒருவரிடமிருந்து கைக்குழந்தையை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அது எனக்க சித்தி மவ. நீங்க அவளையே பாத்துட்டு இருந்தியோ. அவளுக்க மாப்பிள எங்கிட்ட ரெண்டு தடவ கேட்டாரு, யாரு அந்த சாக்ஸ் போட்ட ஆளுன்னு."

எங்கள் துறையில் இதற்கும் பெயர் உண்டு. ஃபோட்டானே வராதபோது வந்துவிட்டதாகக் கருவி சொல்லும் பொய் எண்ணிக்கை. நல்ல கருவிக்கு அது குறைவாக இருக்க வேண்டும்.

"ஒங்களுக்கு என்ன எப்படித் தெரியும்?"

"நீங்க பைக்க எடுக்கதுக்கு முந்தியே தெரியும். ஒங்க அக்கா ஒங்க அம்மாட்ட சொல்லி, அவ்வோ எங்க அம்மாட்ட போன் பண்ணி, தெரியாத மாதிரி இருக்கச் சொல்லுங்கன்னு சொன்னாவ. நானும் தெரியாத மாதிரித்தான் இருந்தேன். நீங்கதான் இருக்க விடல."

மானம் மொத்தமாகப் போனபின் மனிதனுக்கு ஒரு தைரியம் வரும். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்காவையும் அந்தக் கப்புகளையும் சொன்னேன். பிறகு ஃபோட்டானைச் சொன்னேன், குளிர்ப் பெட்டியைச் சொன்னேன், அழிக்காமல் பார்ப்பதைச் சொன்னேன். எங்கே வலிக்கிறது என்று நோயாளி சொல்வதைக் கேட்பது போல அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அக்காவுக்காக நெனச்சியளே, அது எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள் கடைசியில். "ஆனா ஒண்ணு சொல்லட்டா? நானும் ஆளுவளுக்கு உள்ள பாக்கிய வேலைதான் பாக்கேன். சொல்லாம ஒரு படமும் எடுக்க மாட்டோம். மூச்சப் புடிச்சிக்கிடுங்க, அசையாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் எடுப்போம். படம் தெளிவா வரணும்னு மட்டும் இல்ல. பாக்கப் போறாவன்னு அந்த ஆளுக்குத் தெரியணும் இல்லியா."

அவள் ஷூ இரண்டையும் மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"என்னயும் முன்ன ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போனாரு. பெறகு ஒண்ணும் சொல்லி விடல. வலிச்சிது. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க வந்தது அதவிட மோசம் கேட்டியளா. நீங்க வேண்டாம்னு போயிருந்தா, வேண்டாம்னு சொன்னதுகூட எனக்குத் தெரியாது. எனக்க காரியம், நான் இல்லாமலே முடிஞ்சிருக்கும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது. அக்காவின் ஞாபகம் வந்தது. அவளை உடைத்தது அவர்கள் பார்த்த பார்வை என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவர்களைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்று அந்த வீட்டில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் என்னிடம், "உன் ஃபோட்டான் அழியவில்லை, சரி. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை என்று சொல்வாயா?" என்று கேட்டார். சொல்ல முடியாது என்றேன், அதுதான் சரியான விடை, மதிப்பெண்ணும் கிடைத்தது. அழியவில்லை என்பது வேறு, ஒன்றும் ஆகவில்லை என்பது வேறு. பெட்டிக்குள் எனக்கு அது தெரிந்திருந்தது. வெளியே தெரியவில்லை.

அப்போது கடற்கரைப் பக்கமிருந்து ஒருவர் அவசரமாக வந்தார். சட்டை நனைந்திருந்தது, கையில் இஞ்சின் கரி.

"பூச முடிஞ்சிட்டா பிள்ள? கயிறு கெட்டி இழுத்துட்டு வரதுக்கு இவ்வளவு நேரம் ஆயிட்டு. எனக்க எடத்துல ஆரு இருந்தா?"

"இவ்வோதான் அப்பா" என்றாள் ஷைனி.

ஸ்ராங்கு என்று நான் கேள்விப்பட்டவரும் மரியதாசன் என்று அம்மா சொன்னவரும் ஒரே ஆள். பெண் பார்க்க ஒளிந்து போனவன் பெண்ணின் அப்பாவுடைய இடத்திலேயே போய் உட்கார்ந்திருக்கிறேன். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். ஷூ இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அவர் பார்வை என் வலது காலில் போய் நின்றது.

"சட்டியத் தட்டி விட்டதா சொல்லுதானுவ. அதும் இவருதானா?"

"ஆமா அப்பா."

"நல்ல கலரு" என்றார். "போட்டுக்கு அடிக்க நான் இந்தக் கலரத் தேடாத கட இல்ல."

நான் ரொட்டியையும் துவர்த்தையும் நீட்டினேன். "இது ஒங்களுக்குள்ளது."

அவர் ரொட்டியை வாங்கிப் பிய்த்துப் பாதியை என்னிடம் கொடுத்தார். "துவர்த்த நீ வெச்சிக்க. கால் நனைஞ்சது ஒனக்கில்லா."

நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்று அதைத் தின்றோம். அவள் தன் அப்பாவின் பங்கில் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். கிளம்பும்போது ஷூவை என்னிடம் கொடுத்துவிட்டு, "திங்கக்கிழம வாங்க" என்றாள். "சாக்ஸ் போடாம வரணும். நானும் பாக்கணும் இல்லியா."

வழியிலேயே போன் அடித்தது. குவைத்திலிருந்து அத்தான். "மச்சான், இங்க ரூம்ல எல்லாரும் கூடி இருந்து பாத்தோம். கேமராக்காரன் கிட்டக் கொண்டுவந்து காட்டுனான் பாரு, ஒவ்வொரு நெகமும் தெளிவா இருந்து." வீட்டு வாசலில் அம்மா உப்பும் மிளகாய் வற்றலும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "குவைத்து வரைக்கும் உள்ள கண்ணு பட்டிருக்கு" என்று சொல்லி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, என்னைச் சுற்றினாள். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு நான் அவளிடம், அந்த வந்துபோன ஆட்களில் ஒருவரையாவது உனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டேன். அவள் "ஒருத்தனக்கூடப் புடிக்கலலே" என்று சொல்லிச் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வெறுங்காலில் போனேன். ரோஸ் நிறம் அப்படியேதான் இருந்தது. அவள் வீட்டில் என்னிடம் கேள்வி கேட்டவள் ஷைனிதான். கடைசியில் அவள் அம்மா கப்புகளை எடுத்துக்கொண்டு எழுந்தபோது நான் வாங்கிக் கழுவப் போனேன். ஒன்றை உடைத்தேன். "பரவாயில்ல" என்றாள் ஷைனி. பிறகு கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தபோது, தடை ஏதும் தெரிந்தால் சொல்லும்படி சாமியார் வழக்கம்போல் கேட்டுவிட்டு, என் கால்களைப் பார்த்ததாக மக்கள் சொல்கிறார்கள். நான் கவனிக்கவில்லை. இந்தக் கதையில் அரைவட்டம் திரும்பிய அணு நான்தான், என் முகம் ஷைனி பக்கம் இருந்தது.

இப்போது பெரிய வியாழனுக்கு நான் ஊரில் இருந்தால் கடைசி இடம் எனக்குத்தான். என் மாமனார் மரியதாசன் அதை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். இஞ்சின் நன்றாக ஓடும் வருடத்திலும் அவர் மரத்தடியில் நின்றே பூசை காண்கிறார். அன்று காலையில் ஆன்சி வந்து, அதே நிறம், அதே வலது கால், பூசிவிட்டுப் போகிறாள். பெரிய பிள்ளையாகிவிட்டாள், இப்போது வெளியே வழியாமல் பூசுகிறாள். நேரலையில் அந்தக் கட்டம் வரும்போது குவைத்தில் அத்தானின் அறையில் சமையலை நிறுத்திவிடுவார்களாம்.

மைக்கில் இன்றைக்கும் ஷைனிதான். பதினோரு பேர் முடிந்து சாமியார் என் முன்னால் வந்து முழந்தாளிடும்போது அவள் கையிலிருக்கும் தாளைக் கீழே வைப்பாள். கோயில் முழுக்க அதற்காகவே காத்திருக்கும். மரத்தடியில் நிற்கிறவர்கள்கூட வாசலுக்கு வந்துவிடுவார்கள். அவள் என்னை நேராகப் பார்த்து, எக்ஸ்ரே அறையில் சொல்லும் அதே குரலில் சொல்வாள்.

"அசையாதீங்க."

எல்லாரும் சிரிப்பார்கள், சாமியாரும் சிரிப்பார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.